ஒரு கம்பி, பல வழிகள்

சென்னை மாநகருக்கு வடக்கே, மீஞ்சூரை அடுத்து, வள்ளூர் என்னும் ஊர் உள்ளது. அதன் அருகே கொசத்தலையாறு ஓடுகின்றது. கிழக்கு நோக்கி வரும் அவ்வாறு, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலப்பதற்கு முன்னர், வள்ளூர் அணைக்கட்டில் சற்றே தங்கிச் செல்கின்றது. ஆற்றின் குறுக்கே எழுப்பப்பெற்ற அவ்வணை, நீரைத் தடுத்து உயர்த்திப் பாசனக் கால்வாய்களில் ஏறச் செய்வது. மழை மிகுந்த காலத்தில் அணையின் மேல் நீர் வழிந்தோடும் காட்சியைக் காண்பதற்கென்றே மக்கள் அங்குக் கூடுவர்.

அதே ஊரில், வானளாவிய புகைபோக்கிகளுடன் அனல்மின் நிலையம் ஒன்றும் நிற்கின்றது. தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாடு மின்சார வாரியமும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் அதனை அமைத்தது. 2012 முதல் 2015 வரையுள்ள ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கத் தொடங்கிய மூன்று அலகுகள் அந்நிலையத்தில் உள்ளன. ஒவ்வோர் அலகின் ஆற்றலும் 500 மெகாவாட். ஆக மொத்தம் 1,500 மெகாவாட். எண்ணூரில் உள்ள காமராசர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி இங்கு வந்து எரிகின்றது. இங்குப் பிறக்கும் மின்சாரம் தமிழ்நாட்டிற்கும் அண்டை மாநிலங்களுக்கும் செல்கின்றது.

ஆற்றுநீர் செல்லும் கால்வாயும், மின்சாரம் செல்லும் கம்பியும் வள்ளூருக்குச் செல்வோர் கண்ணுக்கு எளிதிற் புலப்படும். புலப்படாத மூன்றாவது அமைப்பு ஒன்றும் அங்கு உண்டு. அது செய்தி செல்லும் வலையமைப்பு. இக்காலத்தில் அவ்வலையமைப்பு ஒன்றாக இருந்தும் பலவாக இயங்குகின்றது. இருந்த இடத்திலேயே இருந்தும், எழுதப்பட்ட ஆணைக்கு ஏற்பத் தன் வழிகளை மாற்றிக்கொள்கின்றது. இதனை மெய்நிகர் வலையமைப்பு என்பர். மெய்யான கம்பியன்று; மெய்யான கம்பியைப் போலவே பயன் தருவது என்பது அப்பெயரின் பொருளாகும். அது யாங்ஙனம் அமைகின்றது, யாருக்குப் பயன்படுகின்றது, எங்கே இடறக்கூடும் என்பனவற்றை இப்பாடத்திற் காண்போம்.

நீர் காட்டும் நெறி

தமிழ்நாட்டு ஊர்களில் நீர் குறைந்த காலத்தில் முறைப்பாசனம் என்னும் வழக்கம் உண்டு. கால்வாய் ஒன்றுதான், அதனை நம்பிய வயல்களோ பல. எல்லாரும் ஒரே வேளையில் மடையைத் திறந்தால், தலைமடையில் உள்ளவனுக்கு வெள்ளமும் கடைமடையில் உள்ளவனுக்கு வறட்சியும் வாய்க்கும். ஆதலின் ஊரார் கூடி, இன்ன வயலுக்கு இன்ன நாழிகை என்று முறை வகுப்பர். நீர்பாய்ச்சுபவர் அம்முறைப்படி மடைகளைத் திறந்தும் அடைத்தும் வருவார். தன் முறை நடக்கும் பொழுது ஒவ்வொரு குடியானவனும் அக்கால்வாய் முழுதும் தனக்கே உரியது போல் எண்ணி மகிழலாம்.

இங்கே ஒரு நுட்பம் உள்ளது. பத்து வயல்களுக்குப் பத்துக் கால்வாய்கள் வெட்டவில்லை. வெட்டியது ஒரே கால்வாய்தான். ஆயினும் பத்துக் கால்வாய்களின் பயன் கிடைக்கின்றது. அப்பயனைத் தருவது மண்வெட்டியன்று, முறையேயாகும். முறையை மாற்றினால் பங்கும் மாறும். நாற்றங்காலுக்கு இன்று மிகுதியாக நீர் வேண்டுமெனின், புதிய கால்வாய் வெட்ட வேண்டுவதில்லை. முறையைத் திருத்தினால் போதும். மெய்நிகர் வலையமைப்பின் உயிர்நிலை இதுவே. ஒரு பொருள் ஒன்றாகவே இருக்க, அதனைப் பலர்க்குத் தனித்தனிப் பொருள்களாக ஆக்குவது முறையாகும்.

கோபுரத்தின் உச்சியில்

மின்சாரம் நீரைப் போலத் தேங்கி நிற்பதன்று. பெருமளவில் அதனைச் சேமித்து வைப்பது அரிது. ஆதலின் நாட்டு மக்கள் எவ்வளவு செலவிடுகின்றனரோ, அவ்வளவையே மின்நிலையங்கள் அந்நொடியிலேயே ஆக்கித் தருதல் வேண்டும். ஆக்கம் குறைந்து செலவு மிகுந்தால், நொடிக்கு 50 முறை என அமைந்த மின்னோட்டத்தின் அலைவெண் தாழும். ஆக்கம் மிகுந்தால் அது உயரும். இந்தியாவில் 49.90 முதல் 50.05 வரையுள்ள எல்லைக்குள் அதனை நிறுத்துதல் வேண்டும் என்பது விதி.

இத்துணை நுண்ணிய கட்டுப்பாட்டைத் தனித்து நிற்கும் எந்த நிலையமும் செய்ய இயலாது. ஆகவே மின்சுமையைப் பங்கிட்டு ஆணையிடும் மையங்கள் ஏற்பட்டுள்ளன. தென்மாநிலங்களுக்கு உரியது பெங்களூரில் உள்ளது. நாடு முழுமைக்கும் உரியது புதுதில்லியில் உள்ளது. ஒரு நாளை 15 நிமிடங்கள் கொண்ட 96 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எந்நிலையம் எவ்வளவு மின்சாரம் தரவேண்டும் என்று இம்மையங்கள் வகுக்கின்றன. வள்ளூர் நிலையமும் இத்தகைய வகுப்புக்கு உட்பட்டதே. ஆணை வரவும், அளவு தெரிவிக்கவும், நிலையத்திற்கும் மையத்திற்கும் இடையே ஓயாத செய்திப் போக்குவரத்து நடைபெறுதல் வேண்டும்.

அச்செய்தி எவ்வழியே செல்கின்றது? உயர்ந்த மின்கோபுரங்களை உற்று நோக்கினால், மின்சாரம் செல்லும் பருத்த கம்பிகளுக்கும் மேலே, உச்சியில், மெல்லிய கம்பி ஒன்று செல்வதைக் காணலாம். இடி விழுந்தால் அதனைத் தான் தாங்கி நிலத்திற்குள் செலுத்திக் கீழுள்ள கம்பிகளைக் காப்பது அதன் தொழில். இப்பொழுது பல இடங்களில் அக்கம்பியின் நடுவே முடிபோல் மெல்லிய கண்ணாடி இழைகளை வைத்துச் செய்கின்றனர். அவ்விழைகளுக்குள் ஒளியே செய்தியாகச் செல்கின்றது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் விரையும். சென்னையிலிருந்து தில்லிக்குச் செல்ல நொடியில் நூற்றில் ஒரு பங்கு அளவே அதற்குப் போதும்.

இவ்வாறு இடிதாங்கும் கம்பியே செய்தி தாங்கும் கம்பியும் ஆயிற்று. மின்கோபுரங்களின் மேற்செல்லும் இவ்விழைகளில் மின்துறையின் தேவைக்கு எஞ்சியவற்றை இந்திய மின்தொடரமைப்புக் கழகமாகிய பவர்கிரிட் பிற நிறுவனங்களுக்கும் வாடகைக்கு விடுகின்றது. இருப்புப்பாதை ஓரங்களில் இழைகளைப் பதித்த இரயில்வேயும், 2000ஆம் ஆண்டில் ரயில்டெல் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்து இத்தகைய பணியை மேற்கொண்டது. ஒன்றற்கு என்று இட்ட வழி பலவற்றிற்குப் பயன்படுவது சிக்கனமே. ஆனால் பலர் நடக்கும் வழியில் ஒருவர் செய்தி மற்றொருவர் செய்தியோடு கலவாதிருத்தல் எங்ஙனம்?

பெயர்ச்சீட்டின் திறம்

நீரோடு நீர் கலந்தால் பிரிக்க இயலாது. செய்தி அத்தகையதன்று. கணிப்பொறிகள் நீண்ட செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பகுத்து அனுப்புகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும், எங்கிருந்து வருகின்றது, எங்கே செல்ல வேண்டும் என்னும் முகவரி எழுதப்பட்டிருக்கும். இம்முறை 1960களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அறிஞர்களால் வகுக்கப்பெற்றது. 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய வலையமைப்பு இம்முறையிலேயே இயங்கியது. இந்தியாவில் 1986இல் தொடங்கிய கல்வி ஆராய்ச்சி வலையமைப்பில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பங்கு கொண்டது.

முகவரியோடு மற்றொரு சிறு சீட்டையும் பொட்டலத்தின் மேல் ஒட்டிவிட்டால், அப்பொட்டலம் எக்கூட்டத்தைச் சேர்ந்தது என்பதும் தெரியும். அஞ்சலகத்தில் பல ஊர்க் கடிதங்கள் ஒரே வண்டியில் ஏறினும், தனித்தனிப் பைகளில் கட்டப்பட்டிருப்பதால் கலவாமை போன்றது இது. ஒரு கூட்டத்தின் சீட்டை உடைய பொட்டலம் அக்கூட்டத்தைச் சேர்ந்த கணிப்பொறிகளையன்றிப் பிறவற்றை அடையாதவாறு இடையிலுள்ள கருவிகள் காவல் செய்யும். ஒரே அலுவலகத்தில், ஒரே கம்பியில், கணக்குப் பிரிவுக்கு ஒரு வலையமைப்பும், வந்துபோவோர்க்கு மற்றொரு வலையமைப்பும் இவ்வாறு அமையும். ஒரு வலையமைப்பில் உள்ளோர் மற்றதனைக் காணவும் இயலாது.

1998இல் உலகப் பொதுவிதியாக வகுக்கப்பெற்ற ஒரு முறையில், இச்சீட்டில் எண்ணுக்கென 12 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1 என்னும் குறி நிற்கும். ஆகவே 4,096 வெவ்வேறு எண்கள் பிறக்கும். அவற்றுள் இரண்டு சிறப்புப் பணிக்கு ஒதுக்கப்பட, 4,094 கூட்டங்களை வேறுபடுத்தலாம். ஓர் அலுவலகத்திற்கு இது மிகுதி. ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் தம் கணிப்பணியை ஒரே கூரையின்கீழ் ஒப்படைக்கும் பெருந்தரவு மையங்களுக்கோ இது போதவில்லை. எனவே 2014இல் வெளியான மற்றொரு முறையில் 24 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இடங்கள் இருமடங்கே ஆயின. எண்களோ 1,67,77,216 ஆகப் பெருகின. ஓரிடம் கூடுந்தோறும் எண்ணிக்கை இரட்டிப்பதே இதன் காரணம்.

ஆணை வேறு, ஊழியம் வேறு

பொட்டலங்களை வழி பார்த்து அனுப்பும் கருவிகளைத் திசைவிகள் என்பர். அவை பாசனத்தில் மடைகளை ஒத்தவை. பழைய முறையில் ஒவ்வொரு திசைவியும் தானே சிந்தித்துத் தன் வழியை முடிவு செய்தது. பக்கத்துத் திசைவிகளைக் கேட்டு, அவை சொல்வதை நம்பி, எத்திசை குறுகியது என்று கணக்கிட்டது. இம்முறைக்குச் சிறப்பு உண்டு: ஒரு திசைவி கெட்டாலும் ஏனையவை தாமே வேறு வழி தேடிக்கொள்ளும். குறையும் உண்டு: எல்லா மடைக்காரரும் தத்தம் பக்கத்தை மட்டும் பார்ப்பதால், ஆறு முழுவதும் எங்கே நிறைந்துள்ளது, எங்கே வறண்டுள்ளது என்பதை ஒருவரும் அறியார். புதிய முறை ஒன்றைப் புகுத்த வேண்டின், ஒவ்வொரு மடைக்கும் ஆள் சென்று திருத்த வேண்டும்.

இக்குறையை நீக்க விரும்பிய அறிஞர்கள், சிந்திக்கும் பணியையும் செலுத்தும் பணியையும் பிரித்தனர். செலுத்தும் பணியைத் திசைவிகளிடமே விட்டனர். சிந்திக்கும் பணியை, வலையமைப்பு முழுவதையும் ஒருங்கே நோக்கும் கட்டுப்பாட்டுக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தனர். அக்கணிப்பொறி, இன்ன சீட்டுடைய பொட்டலம் வந்தால் இன்ன வாயிலில் விடுக என்று விதிகளை எழுதித் திசைவிகளுக்கு அனுப்பும். திசைவிகள் அவ்விதிப்படி ஒழுகும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நிக் மெக்கியோன் முதலிய அறிஞர்கள், 2008இல் ஓப்பன்ஃப்ளோ என்னும் பெயரால் இத்தகைய பொதுமுறை ஒன்றை வெளியிட்டனர்.

கணிப்பொறி பின்பற்றும் ஆணைத்தொடரை நிரல் என்கிறோம். வலையமைப்பின் வழிகளும் இப்பொழுது நிரலால் அமைவதால், இதனை நிரல்வழி இயங்கும் வலையமைப்பு என்னலாம். முன்பு கம்பியைப் பிடுங்கி வேறு துளையிற் செருகிச் செய்த வேலை, இன்று எழுத்தைத் திருத்திச் செய்யும் வேலையாயிற்று. காலையில் ஒரு நிறுவனத்திற்கு வேண்டிய தனி வலையமைப்பை ஆக்கி, மாலையில் அது வேண்டாதபோது கலைத்துவிடலாம்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். கூகுள் நிறுவனம் உலகின் பல பகுதிகளில் உள்ள தன் தரவு மையங்களை இம்முறையில் இணைத்தது. அதனைப் பற்றி 2013இல் வெளியிட்ட ஆய்வுரையில், நெடுந்தொலைவுக் கம்பிகளை வழக்கமாக அவற்றின் கொள்ளளவில் 30 முதல் 40 விழுக்காடு வரையே பயன்படுத்துவர் என்றும், தம் முறையில் பல கம்பிகள் ஏறத்தாழ முழுமையாகவே பயன்பட்டன என்றும் அந்நிறுவனத்தார் எழுதினர். அவசரமில்லாத செய்திகளை ஓய்ந்த வழியில் ஓய்ந்த நேரத்தில் அனுப்பியமையே இதன் மறைபொருள். முறைப்பாசனத்தில் இரவு நேரத்தையும் வீணாக்காத ஊரைப் போன்றது இது.

பல இடத்தில் நிகழும் ஒரு வேலை

இத்தகைய வலையமைப்பு எதற்காக வேண்டும்? ஒரே கணிப்பொறியில் முடியும் வேலைக்கு இவ்வளவு முயற்சி தேவையில்லை. இன்றைய பெருஞ்செயல்கள் பல இடங்களிலுள்ள கணிப்பொறிகள் பங்கிட்டுச் செய்வனவாகும். அவற்றைப் பகிர்ந்தியங்கும் செயலிகள் என்பர்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் அம்மையார் மீன் விற்கிறார் என்று கொள்வோம். வாங்குபவர் தம் கைப்பேசியால் விலையைச் செலுத்துகிறார். 2016இல் தொடங்கிய யு.பி.ஐ. என்னும் இம்முறையில், வாங்குபவருடைய வங்கியின் கணிப்பொறி, விற்பவருடைய வங்கியின் கணிப்பொறி, இரண்டுக்கும் நடுவே நின்று தரகு செய்யும் தேசியக் கழகத்தின் கணிப்பொறி ஆகிய மூன்றும் வெவ்வேறு இடங்களில் இருந்து பேசிக்கொள்கின்றன. ஒருவர் கணக்கிற் குறைதலும் மற்றவர் கணக்கிற் கூடுதலும் ஒருங்கே நிகழவேண்டும். ஒன்று நிகழ்ந்து மற்றொன்று நின்றுவிடுமாயின் ஒருவர் பொருளை இழப்பர். மீனின் விலை சிறிதாயினும், அந்த அம்மையாருக்கு அன்றைய அடுப்பு அதனால்தான் எரியும்.

மின்தொகுப்பின் கட்டுப்பாடும் பகிர்ந்தியங்கும் செயலே. நாடெங்கும் பரந்துள்ள மின்நிலையங்களின் ஆக்கத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு ஒன்று இந்தியாவில் முதன்முதலாக 2018இல் தாத்ரி நிலையத்திற் சோதிக்கப்பட்டது. 2022இல் நாட்டுக்கு உரிமையாக்கப்பட்டது. தேசிய மையத்தின் கணிப்பொறி 4 நொடிக்கு ஒருமுறை நிலையங்களுக்குக் குறிப்பு அனுப்புகின்றது. அலைவெண் தாழ்ந்தால் இவ்வளவு கூட்டுக என்றும், உயர்ந்தால் இவ்வளவு குறைக்க என்றும் அக்குறிப்புக் கூறும். வேறொருவர் பார்க்கும் திரைப்படத்தின் பொட்டலங்களுக்குப் பின்னே இக்குறிப்புக் காத்துக்கிடத்தல் தகாது. ஆகவேதான் இத்தகைய செயலுக்குத் தனி வழி, தவறாத வழி வேண்டுகின்றது.

இவ்விரு செயல்களின் தேவைகளும் வேறு வேறு. காசிமேட்டுச் செய்திக்குப் பிழையின்மை முதன்மையானது. இரண்டொரு நொடி தாழ்ந்தால் குற்றமில்லை. மின்நிலையக் குறிப்புக்குக் காலந்தவறாமை முதன்மையானது. பள்ளியில் மாணவர் காணும் பாடப்படத்திற்கோ அகன்ற வழி வேண்டும். ஒரே கம்பியை வைத்து, ஒவ்வொன்றற்கும் வேண்டியவாறு வழி வகுத்துத் தருவதே நிரல்வழி இயங்கும் மெய்நிகர் வலையமைப்பின் தொழிலாகும். 2022இல் இந்தியாவில் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசி முறையும், ஒரே வலையமைப்பைப் பல துண்டங்களாக வகுத்தளிக்கும் இவ்வாற்றலை உள்ளடக்கியே உருவாக்கப்பட்டது.

இணைப்பின் நலமும் இடரும்

பலவற்றை ஒன்றாக இணைத்தால் வலிமை கூடும். அதனோடு ஓரிடத்துத் துன்பம் மற்றோரிடத்துக்குப் பரவும் வழியும் பிறக்கும். 2012ஆம் ஆண்டு சூலை 30, 31 ஆகிய நாட்களில் இந்தியா இதனைக் கண்டது. இரண்டாம் நாளன்று வட, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் மூன்றும் வீழ்ந்தன. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் மின்சாரம் இழந்தன. இரயில்கள் வழியில் நின்றன. நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கியிருந்த தொழிலாளர் மேலே வர வழியின்றித் தவித்துப் பின்னர் மீட்கப்பட்டனர். தென்மாநிலங்களின் தொகுப்பு அப்பொழுது ஏனையவற்றோடு ஒரே அலைவெண்ணிற் பிணைக்கப்படாமையால் தப்பியது. 2013 டிசம்பர் 31ஆம் நாள் ராய்ச்சூர்–சோலாப்பூர் வழியே அதுவும் பிணைக்கப்பட்டது. அன்று முதல் நாடு முழுவதும் ஒரே தொகுப்பு. வள்ளூரில் எரியும் நிலக்கரி வடநாட்டு விளக்கிற்கும் துணை. வடநாட்டில் நேரும் தடுமாற்றம் வள்ளூருக்கும் செய்தி.

வேலி தளர்ந்தால் விளையும் தீமைக்கு உக்ரைன் நாடு சான்று. 2015 டிசம்பர் 23ஆம் நாள், தீய நோக்கினர் சிலர் அந்நாட்டு மின்வழங்கு நிறுவனங்களின் கணிப்பொறிகளுக்குள் புகுந்தனர். அலுவலகத்திற்கு வந்த மின்னஞ்சலே அவர்கள் நுழைந்த முதல் வாயில். அலுவலக வலையமைப்பிலிருந்து மின்கட்டுப்பாட்டு வலையமைப்புக்குச் செல்லும் வழியையும் அவர்கள் கண்டுகொண்டனர். ஏறத்தாழ 2,25,000 இணைப்புகள் இருளில் மூழ்கின. சில மணி நேரத்தில் ஒளி திரும்பியது. ஊழியர்கள் துணைநிலையங்களுக்கு நேரிற் சென்று கையாலேயே இணைப்புகளை மூடியமையே அதற்குக் காரணம். மெய்நிகர் வேலி வேண்டும். அவ்வேலியைத் தாண்டி ஒருவன் வந்துவிட்டால் எதிர்நிற்கும் கையும் வேண்டும் என்பதை அந்நாள் உணர்த்திற்று.

பகைவர் இன்றியும் பிழை நேரலாம். 2021 அக்டோபர் 4ஆம் நாள், ஃபேஸ்புக் நிறுவனத்தின் வலையமைப்பைப் பழுதுபார்க்கும் பணியில் ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டது. அது அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் வழிகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. இத்தகைய தவறான ஆணையைத் தடுப்பதற்கென்று வைத்திருந்த மென்பொருளிலும் பிழை இருந்தமையால் அது தடுக்கவில்லை. உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் அந்நிறுவனத்தின் சேவைகள் நின்றன. தொலைவிலிருந்து திருத்தலாம் எனின், தொலைவிலிருந்து செல்லும் வழியே அறுந்துவிட்டது! முடிவில் பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரிற் செல்ல வேண்டியதாயிற்று. ஒரு சொல்லால் உலகம் முழுவதும் வழி அமைக்க வல்ல கருவி, ஒரு சொல்லால் உலகம் முழுவதும் வழி அடைக்கவும் வல்லது அன்றோ?

ஆகவே அறிவுடையோர் இதற்குச் சில காவல்களை வகுத்துள்ளனர். ஆணையிடும் கணிப்பொறி ஒன்றாக இராமல் பலவாக இருந்து, ஒன்று வீழின் மற்றொன்று ஏற்றல் வேண்டும். புதிய விதியை முதலில் சிறு பகுதியிற் செலுத்திப் பார்த்த பின்னரே எங்கும் செலுத்துதல் வேண்டும். ஆணை வாராதபோது திசைவி செயலற்று நில்லாமல், கடைசியாகப் பெற்ற நல்விதியின்படி ஒழுகுதல் வேண்டும். ஊர்ப் பெரியவர் வெளியூர் சென்றிருந்தாலும், நேற்றைய முறைப்படி இன்றும் மடை திறக்கும் நீர்பாய்ச்சியைப் போன்றது அது.

சுவரும் சித்திரமும்

சுவரை வைத்தே சித்திரம் எழுதவேண்டும் என்பது முதுமொழி. மெய்நிகர் வலையமைப்பு சித்திரம். கம்பியும் கோபுரமும் மின்சாரமும் அதன் சுவர். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மரங்களும் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கிற் சாய்ந்தன. மின்சாரம் நின்றது, அதனைத் தொடர்ந்து தொலைபேசியும் இணையமும் பல பகுதிகளிற் செயலிழந்தன. எவ்வளவு நுட்பமான நிரலும், அறுந்த கம்பியைத் தைக்கவில்லை. வீழ்ந்த கம்பத்தை நிமிர்த்தவில்லை. மழையில் நனைந்துகொண்டு கம்பம் ஏறிய தொழிலாளரே அதனைச் செய்தனர்.

இதனினும் நுண்ணிய ஆபத்து ஒன்று உண்டு. ஒரு வழி கெட்டால் உதவட்டும் என்று இரண்டு மெய்நிகர் வழிகளை அமைத்து வைப்பர். வரைபடத்தில் அவை இரண்டாகத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே பள்ளத்திற் பதித்த ஒரே கம்பியிற் சென்றால், பள்ளம் தோண்டும் இயந்திரம் ஒருமுறை பட்டதும் இரண்டும் ஒருங்கே அறும். ஒரே கிணற்றில் இரண்டு கயிறு கட்டிவிட்டு இரண்டு கிணறு உண்டென்று நம்பியவன் நிலையே அது. ஆகவே வலையமைப்பைக் கட்டுவோர் சித்திரத்தை மட்டும் நோக்காமல் சுவரையும் தடவிப் பார்த்தல் வேண்டும். எந்த வழி எந்தக் கம்பியிற் செல்கின்றது, அக்கம்பி எந்தத் தெருவிற் செல்கின்றது என்பதை அறிந்தவரே உண்மையில் இரண்டு வழி உடையவர்.

மின்சாரம் இன்றேல் செய்தி இல்லை. செய்தி இன்றேல் இன்று மின்சாரமும் இல்லை. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால், மின்நிலையங்களும் துணைநிலையங்களும் தம் செய்திக் கருவிகளுக்கு மின்கலங்களைத் தனியே வைத்துள்ளன. வெளியே இருள் சூழினும் அக்கருவிகள் சில மணி நேரம் பேசிக்கொண்டிருக்கும். இருளிலிருந்து மீளும் வழியைக் காட்டுவது அப்பேச்சேயாகும்.

வள்ளூரில் ஆற்றுநீரைப் பங்கிட அணையும் கால்வாயும் எழுந்தன. பின்னர் நாட்டுக்கு மின்சாரத்தைப் பங்கிட உலைகளும் கோபுரங்களும் எழுந்தன. இன்று செய்தியைப் பங்கிடும் வழிகள் கண்ணுக்குத் தெரியாமல் அவற்றின் உச்சியிற் செல்கின்றன. காலந்தோறும் கருவி மாறிற்று, கேள்வி மாறவில்லை. உள்ள ஒன்றைப் பலர்க்கும் முறையாகப் பகிர்வது எங்ஙனம், ஒருவர் பங்கு மற்றவர்க்கு இடராகாமற் காப்பது எங்ஙனம் என்பதே அக்கேள்வி. முறை நன்றாயின் ஒரு கால்வாய் ஊர் முழுவதையும் வாழ்விக்கும். முறை கெட்டால் பெருகிவரும் ஆறும் கடைமடைக்கு எட்டாது. நிரல் எழுதக் கற்கும் இளைஞர் எழுதப்போவது வெறும் எழுத்தன்று. பலர் நம்பியிருக்கும் முறை என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.